காய்ச்சலே இல்லாத ஆளிடம் வருடாவருடம் ரத்தம் எடுத்து என்ன செய்வார்கள்? கோஹோர்ட் ஆய்வு பற்றி ஒரு கேள்வி

பொகவந்தலாவை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை எங்கள் பாடசாலையில் டெங்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. பேச வந்த டாக்டர் கடைசியில் ஒரு விஷயம் சொன்னார். அடுத்த பெரிய தொற்றுநோய் எது, எந்த வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் சில நூறு குடும்பங்களை இப்போதே பதிந்து வைத்து, வருடத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் ரத்தம் எடுத்து, இடையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே பார்த்துக்கொண்டே வந்தால், அது வந்து நிற்கிற அன்றைக்குக் கையில் ஏதாவது இருக்கும் என்றார். அதற்குப் பெயர் கோஹோர்ட் ஆய்வாம். இப்போதைக்கு யோசனை மட்டும்தான், யாரும் ஊசியோடு வரவில்லை என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். 32 வருடம் கொழுந்து பறித்தவர். "எனக்குக் காய்ச்சலே இல்லையே, எனக்கு எதுக்கு ஊசி? காய்ச்சக்காரன எடுத்துப் பாக்கச் சொல்லு" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் இதை விடாமல் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2017ல் அண்ணன் கொழும்பிலிருந்து காய்ச்சலோடு வந்து இறங்கினான். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாருக்கும் அது டெங்கு என்று தோன்றவில்லை, "இங்க குளிருக்கு நுளம்பு ஏது" என்றே பேசிக்கொண்டிருந்தோம். நாலாம் நாள் கைகால் சில்லிட்டுப் போய் லொறியில் தூக்கிப் போட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துவிட்டான். ஆனால் அந்த நாலு நாளை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. வந்த பிறகு ஓடுவதுதான் நம் பக்கத்து வழக்கமாக இருக்கிறது. முன்கூட்டியே செய்யக்கூடியது என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால் அதைப் புரிந்துகொள்ள ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி.

---

ஹந்தானை லேப் எழுதியது:

டீச்சர், நான் கண்டியில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். டெங்குக் காலத்தில் நாள் முழுக்க இந்த ரத்தக் குழாய்களோடுதான் இருப்போம். அம்மா கேட்டது சரியான கேள்வி.

டெங்கு வைரஸ் உடம்புக்குள் போகிற நாலு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒன்றுமே தெரியாது. காய்ச்சல் இல்லை, உளைச்சல் இல்லை, அடுத்த நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அவர்களைக் கடிக்கிற நுளம்பு அடுத்த ஆளுக்கு வைரஸைக் கொண்டுபோகும். ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள். காய்ச்சல்காரரை மட்டும் பார்த்தால் நமக்குத் தெரிவது அந்த நாலாவது ஆள் மட்டும். மற்ற மூன்று பேருக்கு வந்து போனது நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கி ரத்தத்தில் வைத்திருக்கிற பிறபொருளெதிரியில்தான் தெரியும். போன வருடம் எடுத்த ரத்தத்தில் இல்லாமல் இந்த வருட ரத்தத்தில் இருந்தால், இடைப்பட்ட பன்னிரண்டு மாதத்துக்குள் அது வந்து போயிருக்கிறது. இரண்டு ரத்தமும் இல்லாமல் இதைச் சொல்ல வழியே கிடையாது.

தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேனே. பெக்டரிக்குப் போகிற மொத்தக் கிலோவைப் பார்த்தால் இன்றைக்குக் கொழுந்து கூடவா குறைவா என்று தெரியும். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், யார் நின்றுவிட்டார், யாருடைய நிறை மாசாமாசம் குறைகிறது என்பதெல்லாம் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில்தான் இருக்கும், பேர் பேராக, நாள் நாளாக. வாராவாரம் வருகிற டெங்கு எண்ணிக்கை மொத்தக் கிலோ மாதிரி. கோஹோர்ட் என்பது செக்ரோல்.

இது நடந்த இடம் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை வந்ததே அதைப் படித்துத்தான். நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 2004ல் டெங்குவுக்காகப் பிள்ளைகளைப் பதிந்து ஒரு கோஹோர்ட் தொடங்கினார்கள், ஒரு சாதாரண அரசாங்க சுகாதார நிலையத்தில். வருடம் ஒரு தரம் ரத்தம், காய்ச்சல் வந்தால் அங்கேயே இலவச வைத்தியம், எடுத்த ரத்தத்தில் ஒரு பங்கு உறைய வைத்துப் பத்திரமாக. பத்து வருடம் போனது. 2014ல் அந்த நாட்டுக்குள் சிக்குன்குன்யா வந்தது, 2016ல் சிக்கா வந்தது. இரண்டும் நுளம்பால் பரவுகிற நோய்கள், அங்கே முன்பு கிடையாது. இரண்டு தடவையும் பிள்ளைகளும் தாதிமாரும் உறைய வைத்த பழைய ரத்தமும் ஏற்கனவே தயாராக இருந்தன. நோய் வருவதற்கு முன்னால் எடுத்த ரத்தம் என்பதை, நோய் வந்த பிறகு எவ்வளவு காசு கொட்டினாலும் வாங்க முடியாது. இந்த ஒன்றைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகளிடமிருந்து கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. டெங்குவுக்கு நாலு வகை உண்டு, ஒரு வகை வந்து போன பிறகு வேறு வகை வந்தால் ஆபத்து கூடலாம் என்று டாக்டர்மார் ரொம்ப காலமாகச் சொல்லி வந்தார்கள். 6,684 பிள்ளைகளின் 12 வருட ரத்தத்தை வைத்து 2017ல் அதை மனிதர்களிலேயே காட்டினார்கள். பிறபொருளெதிரி நிறைய இருந்தால் பாதுகாப்பு. ரொம்பக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தாலும் ஆபத்து கூடவில்லை. இடைப்பட்ட ஒரு அளவில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் கடும் டெங்கு வரும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல். பிறகு 2020ல் அதே கோஹோர்ட்டிலிருந்து, சிக்கா வந்து போன பிள்ளைகளுக்கும் அடுத்து வரும் டெங்கு கடுமையாகலாம் என்று தெரியவந்தது. டெங்குவுக்காகத் தொடங்கிய ஆய்வு, தொடங்கும்போது யாரும் நினைத்தும் பார்க்காத நோயைப் புரிந்துகொள்ளவும் உதவியது.

நம் நாட்டிலும் கொழும்பில் 2008 கடைசியில் 12 வயதுக்குட்பட்ட சுமார் 800 பிள்ளைகளை வைத்து இப்படி ஒன்று செய்தார்கள். தொடங்கும்போதே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்கு ஏற்கனவே வந்து போயிருந்தது. பிறகு சில வருடங்களுக்கு முன்னால் ஒன்பது மாகாணங்களிலும் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்துப் பார்த்ததில் திருகோணமலையில் பாதிக்கு மேல், பதுளையில் நூற்றுக்கு 14 அளவில்தான். அது ஒரு தரம் எடுத்த கணக்கு, கோஹோர்ட் இல்லை. ஆனால் மலையில் இருக்கிற பிள்ளைகளில் ரொம்பப் பேர் இன்னும் டெங்குவைச் சந்திக்கவே இல்லை என்று அது சொல்கிறது. அவர்களுக்கு எது முதலில் வரும், எந்த வருடம் எந்த வகை மலை ஏறும், இரண்டாவது வகை எப்போது பின்னால் வரும் என்பதைப் பேர் பேராகப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் பிடிக்கலாம்.

தடுப்பூசி விஷயத்திலும் இது முக்கியம். பிலிப்பீன்சில் 2016ல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு டெங்குத் தடுப்பூசி போட்டார்கள். அடுத்த வருடக் கடைசியில்தான், முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசிக்குப் பிறகு வரும் டெங்கு கடுமையாகலாம் என்று தயாரித்த நிறுவனமே அறிவித்தது. ஊரில் யாருக்கு வந்திருக்கிறது, யாருக்கு வரவில்லை என்ற கணக்கு கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் அவ்வளவு.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: காய்ச்சல் இல்லாத இன்றைய ரத்தம்தான் நாளைய காய்ச்சலுக்கு அளவுகோல்.

---

பழைய டிஸ்பென்சர் எழுதியது:

மகள், நான் மூன்று தோட்டங்களில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சராக இருந்து ஓய்வு பெற்றவன். லேப் தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் தோட்டத்துக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில், தொடர்ந்து பார்ப்பது என்பது நமக்குப் புதிது இல்லை. மிட்வைஃப் அம்மா ஒரு பிள்ளையை வயிற்றில் இருக்கும்போதே கொப்பியில் ஏற்றி, பிறந்த நிறை, மாதாமாத நிறை, ஊசி போட்ட தேதி என்று பள்ளிக்கூடம் போகும்வரை விடாமல் எழுதுவார். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவிலும் கணக்கு உண்டு. பிறப்பு இறப்பையும் தோட்டத்தில் பதிந்து வந்தோம். அடித்தளம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

குறை எங்கே என்றால், காய்ச்சலோடு வந்தவருக்கு நாங்கள் சீட்டில் "காய்ச்சல்" என்று எழுதினோம். அவ்வளவுதான். பெனடோல் கொடுத்தோம், மூன்று நாளில் விடாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதில் எத்தனை டெங்கு, எத்தனை எலிக்காய்ச்சல், எத்தனை உண்ணிக் காய்ச்சல்? மத்திய மலைப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் இருப்பது கண்டி டாக்டர்மார் எப்போதோ எழுதிய விஷயம், டொக்சிசைக்ளின் கொடுத்தால் சீக்கிரம் குணமாகிற நோய். ஆனால் சந்தேகப்பட்டால்தானே கொடுப்போம். இப்போதும் என் மனதை உறுத்துகிற ஒரு கேஸ் உண்டு, அதை இங்கே எழுத முடியவில்லை. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ரத்தம் பார்க்கிற ஒரு ஏற்பாடு பத்து வருடம் ஒரு டிவிஷனில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்) நடந்தாலே "இங்கே காய்ச்சல் என்றால் எது" என்று தெரிந்துவிடும். அது தெரிந்தால்தான், புதிதாக ஒன்று வரும்போது இது வழக்கமானது இல்லை என்று ஒரு டிஸ்பென்சருக்குச் சந்தேகம் வரும்.

எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்துக்கு ஒரு நோய் போனால் என்ன ஆகும் என்று இந்த நாடு பார்த்திருக்கிறது. 1934ல் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாக நின்றபோது, வழக்கமாக மலேரியா அதிகம் இராத ஈரவலயத்துக்கு, கேகாலைப் பக்கமெல்லாம், மலேரியா இறங்கியது. அந்த இரண்டு வருடத்தில் செத்தவர்கள் 80,000 பேர் அளவில். அந்தச் சனத்துக்கு அதைத் தாங்கும் பழக்கம் உடம்பில் இல்லை. நுளம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதாது, சனத்தின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும் என்பது அதிலிருந்தே தெரிகிறது.

அடுத்தது, பெயர். இதை வெளியிலிருந்து வருகிறவர்கள் யோசிப்பதே இல்லை. ஒரு டிவிஷனில் நாலு லெட்சுமி, ஆறு ராஜேஸ்வரி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது பேர். முதல் வருட ரத்தமும் மூன்றாம் வருட ரத்தமும் ஒரே ஆளுடையதா என்று சந்தேகம் வந்தால் ஆய்வே போச்சு. முதல் நாளே இலக்கம் போட்ட அட்டை கொடுத்து, வீட்டிலும் ஒன்று, கிளினிக்கிலும் ஒன்று வைக்கவேண்டும்.

கரண்ட் இன்னொன்று. இந்த ரத்தத்தை வருடக்கணக்கில் வைக்க மைனஸ் 80 பாகைக்குப் போகிற பெட்டி வேண்டும். 2022ல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது ஜெனரேட்டரும் டீசலும் இல்லாத இடத்தில் எல்லாம் உருகியிருக்கும். இரண்டு இடத்தில் பிரித்து வைக்கவேண்டும்.

கடைசியாக, சம்மதம். துரை (தோட்ட மேனேஜர்) சொன்னார், கங்காணி சொன்னார், எல்லோரும் வரிசையில் நில்லு என்கிற காலம் ஒன்று இருந்தது. 1916 வாக்கில் கொக்கிப்புழு ஒழிப்பு தோட்டங்களில் தொடங்கியபோது அப்படித்தான், துரைமார் வழியாக. மருந்து கொடுத்துப் புழுவை இறக்கினார்கள், ஆனால் கக்கூஸ் கட்டாத லயங்களில் அது திரும்பவும் ஏறியது. ஆகவே ஒவ்வொரு ஆளிடமும் தனித்தனியாக, தமிழில், வேண்டாம் என்றால் பெரட்டில் எந்தக் கெடுதலும் வராது என்று சொல்லிக் கேட்கவேண்டும். நடுவில் விலகவும் உரிமை உண்டு. கண்டுபிடித்த பிறகு சரிசெய்ய ஆளும் காசும் உண்டா என்றும் கேளுங்கள்.

---

மஸ்கெலியா பொடியன் எழுதியது:

ஐயா சொன்ன கடைசி விஷயத்துக்காகவே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பாடசாலைக்கு ஒரு குழு வந்தது, எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள், பிஸ்கட் பக்கெட்டும் பால் பக்கெட்டும் கொடுத்தார்கள், போனார்கள். இன்றைக்கு எனக்கு 27 வயது. என் ரத்தத்தில் என்ன இருந்தது என்று யாரும் வந்து சொல்லவே இல்லை. என் கூட்டாளி ஒருத்தனுக்கு அந்த வருடமே ரத்தக் குறைவு என்று பிறகு வேறு இடத்தில் தெரிந்தது, அவன் மயங்கி விழுந்த பிறகு. அவர்கள் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்தானே. அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் யாரிடமாவது ஆய்வு என்று சொன்னாலே கதவைச் சாத்துவார்கள். அம்மா பயப்படுவதில் பிழையே இல்லை டீச்சர்.

ஆனாலும் நான் இது வேண்டும் என்கிற பக்கம்தான். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

நான் இப்போது கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, தெமட்டகொடையில் எட்டுப் பேர் ஒரு அறை. எங்கள் டிவிஷனில் என் வயதுப் பையன்கள் பாதிக்கு மேல் இப்படித்தான், பெண் பிள்ளைகள் கார்மெண்டுக்கு, சில அக்காமார் குவைத்துக்கு. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் எல்லோரும் ஒரே வாரத்தில் ஊருக்கு ஏறுவோம். நுளம்பு கடித்து டெங்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் எடுக்குமாம். அதாவது எனக்குக் கொழும்பில் கடித்தால் காய்ச்சல் வருவது தீபாவளிப் பலகாரம் சாப்பிடும்போது, என் அம்மாவுடைய காம்பராவில், பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தையோடு. டீச்சருடைய அண்ணனுக்கு நடந்ததும் இதுதான். மலைக்கு நோய் ஏறுகிற வழியே நாங்கள்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆய்வு தொடங்கும்போது ஊரில் இருப்பவர்களை எழுதுவார்கள். இரண்டு வருடத்தில் பையன் கொழும்புக்குப் போவான். "ஆள் இல்லை" என்று வெட்டிவிடுவார்கள். அம்மாவும் ஆச்சியும் சின்னப் பிள்ளைகளும் மட்டும் மிஞ்சுவார்கள். யார் வழியாக வரும் என்று தெரியவேண்டுமோ அவனையே தொலைத்துவிட்டு எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே வருட ரத்தத்தை ஆய்வுக்காரர்களுக்கு வசதியான மாதத்தில் எடுக்காமல் தீபாவளி முடிந்த அந்த இரண்டு மூன்று நாளில் எடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யவேண்டும். கொழும்பில் எங்காவது ஒரு கிளினிக்கில் அதே அட்டையைக் காட்டினால் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கிற ஏற்பாடு வேண்டும். ஒரு நாள் லீவு எடுத்தால் சம்பளம் வெட்டுகிற எங்களுக்கு இதெல்லாம் செய்து கொடுத்தால் நான் பத்து வருடம் வருகிறேன், என் அறையில் இருக்கிற மற்ற ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

---

ஹந்தானை லேப் எழுதியது:

தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம், அதற்கு எந்தச் சமாதானமும் சொல்லமாட்டேன். தீபாவளி விஷயம் நான் யோசிக்காதது, எங்கள் மேசையில் இருந்து பார்த்தால் தெரியாது.

மனாகுவாவில் குடும்பங்கள் வருடக்கணக்காக நிற்பதற்குக் காரணம், காய்ச்சல் என்று வந்தால் ராத்திரியிலும் அவர்கள் பிள்ளையைப் பார்க்க ஆள் இருப்பது. பிஸ்கட் பக்கெட்டுக்காக யாரும் பத்து வருடம் வரமாட்டார்கள். நம் பக்கத்தில் மேல் டிவிஷனிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் த்ரீவீல் பிடிக்கிற காசை நினைத்தே எத்தனை வீடுகள் விடியும்வரை பொறுத்திருக்கின்றன. அந்தப் பயணச் செலவை ஆய்வின் காசிலேயே எழுதி வைக்கவேண்டும், தயவாகக் கொடுப்பதாக இருக்கக்கூடாது.

டீச்சர், அந்த டாக்டரிடம் இதையும் கேளுங்கள்: சேமித்த ரத்தத்தை வேறு ஆய்வுக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பினால் திரும்பவும் சம்மதம் கேட்பீர்களா? படிவத்தில் அது எழுத்தில் இருக்கவேண்டும். ஒழுக்கவியல் குழுவின் அனுமதி இல்லாமல் யாரும் ஊசியைத் தொடக்கூடாது, அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

---

பொகவந்தலாவை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். செக்ரோல் என்று சொன்னதும் புரிந்துகொண்டார். "அப்ப பேரு போடாம விட்டா அன்னைக்குச் சம்பளம் இல்லாத மாதிரித்தானே" என்றார். மஸ்கெலியாத் தம்பி எழுதியதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வருடம் ஒரு தரம் என்றால் கை நீட்டுகிறேன், ஆனால் ரிப்போர்ட் என் கைக்குத் தமிழில் வரவேண்டும், அதை எனக்கு வாசித்துச் சொல்ல ஒரு ஆள் லயத்துக்கு வரவேண்டும், வராத வருடம் நானும் வரமாட்டேன் என்றார். அண்ணனிடமும் போனில் சொன்னேன், தீபாவளிக்கு அடுத்த நாள் என்றால் அவனும் சம்மதம்.

டாக்டருக்கு எழுத ஆரம்பித்திருக்கிறேன். ரிப்போர்ட், தீபாவளித் தேதி, அட்டை இலக்கம், த்ரீவீல் காசு, சேமித்த ரத்தம், துரை வழியாக வராமல் வீடு வீடாக வருவது, இவ்வளவும் போட்டிருக்கிறேன். எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்க எண்ணம்.

டிஸ்பென்சர் ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் சொன்ன பழைய பிறப்புக் கொப்பிகள் இப்போதும் இருக்கின்றனவா? எங்கள் டிவிஷனில் யார் யார் எந்த வீட்டுக்காரர் என்று ஒரு பட்டியல் போட்டுக் கடிதத்தோடு வைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

---

பழைய டிஸ்பென்சர் எழுதியது:

கடைசியாக நான் இருந்த தோட்டத்தில் 1961லிருந்து இருக்கிறது மகள். முதல் இரண்டு கொப்பி மழை ஈரத்தில் ஒட்டிப்போய்விட்டது, மெதுவாகப் பிரித்தால் வாசிக்கலாம். அதைத் தொடுவதற்கு இப்போதைய மிட்வைஃப் அம்மாவிடமும் எஸ்டேட் ஆபீசிலும் கேட்கவேண்டும், நான் கேட்டு வைக்கிறேன். உங்கள் டிவிஷனுக்கு எது இருக்கிறது என்றும் விசாரிக்கிறேன். ஞாயிறு காலை வாங்க, அம்மாவையும் கூட்டிக்கொண்டு. பேர்களை அடையாளம் காட்ட அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது.